நம்ம ஊர் ஏரிக்கு வரும் விருந்தாளிகள்



பறவை பார்க்கணும்னா வேடந்தாங்கல்தான் போகணும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனா கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் கிழக்கே, நம்ம பக்கத்துலயே இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இருக்கு. அதுதான் பழவேற்காடு ஏரி. (முதல் இடம் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு.) இதன் பெரும் பகுதி ஆந்திராவிலும், தெற்குப் பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. நம் பகுதி 1980ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

எப்போ வருது? எங்கிருந்து வருது?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கூதிர் காலம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்போதான் வடக்கே குளிர் ஆரம்பிக்கும். நிலமும் நீரும் உறைந்தால் பறவைக்கு இரை ஏது? அதனால் தெற்கு நோக்கிப் பறந்து வருகின்றன.

பூநாரைகள் குஜராத்தின் கட்ச் பகுதியில் கூடு கட்டுபவை. ஊசிவால் வாத்துகள் மத்திய ஆசியா, சைபீரியா பக்கத்திலிருந்து வருகின்றன. கொசு உள்ளான் என்று ஒரு குட்டிப் பறவை இருக்கு. எடை சுமார் 25 கிராம், அதாவது கோழி முட்டையில் பாதி. அது சைபீரியாவின் வடகோடியில் இருந்து நம்ம ஊர் சேறு வரைக்கும் பறந்து வருது!

இந்த ஏரியில் அப்படி என்ன இருக்கு?

இந்த ஏரியில் ஆழம் ரொம்பக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு கூட இருக்காது. 'இவ்வளவு பெரிய ஏரி, ஆழமே இல்லையே' என்று தோணும். ஆனால் அதுதான் இதன் செல்வம். ஆழம் குறைந்த நீரில் வெயில் அடிவரை போகும், பாசி வளரும். பாசியைத் தின்னப் புழுவும், இறாலும், மீனும் பெருகும். ஒருபுறம் ஆரணி ஆற்று நன்னீரும், மறுபுறம் முகத்துவாரம் வழியாகக் கடல்நீரும் வந்து கலப்பதால் இரை வகை வகையாகக் கிடைக்கும்.

இத்தனை பறவையும் சண்டை போடாம சாப்பிடுவது எப்படி? கால் நீளத்தையும் அலகையும் கவனித்தால் புரியும்.

* கொசு உள்ளான்: குட்டைக் கால். ஈரச் சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும்.
* பவளக்கால் உள்ளான்: நீண்ட சிவப்புக் கால். கணுக்கால் அளவு நீரில் இரை தேடும்.
* மஞ்சள்மூக்கு நாரை: அலகைத் திறந்தபடி நீருக்குள் வைத்திருக்கும். மீன் பட்டதும் 'டப்'புனு மூடிவிடும்.
* பூநாரை: தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகால் நீரை வடிகட்டித் தின்னும். இரையில் உள்ள நிறமிதான் அதற்கு ரோஸ் நிறம் தருகிறது. இளம் பறவை சாம்பல் நிறமாக இருக்கும்.
* கூழைக்கடா: அலகுக்குக் கீழே பை. மீனைத் தண்ணீரோடு அள்ளும்.

ஆக, ஒரே ஏரி, ஆளுக்கொரு பந்தி!

முகத்துவாரம் அடைத்தால்?

கடல் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடுவது உண்டு. அப்போது கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர முடியாது. கோடையில் ஏரி நீர் வற்றி உப்பு ஏறும். மீனவர் வலையும் காலி, பறவையின் பந்தியும் காலி. பறவை வேறு, மனிதர் பிழைப்பு வேறு என்று நினைப்பது தவறு. இரண்டுக்கும் வாசல் ஒண்ணுதான்.

போகும்போது கவனிக்க வேண்டியவை

1. பொன்னேரி வரை புறநகர் ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பஸ். பெரியவர் அல்லது ஆசிரியரோடுதான் போகணும். காலை நேரம் நல்லது.

2. மழை கொட்டி ஏரி நிரம்பியிருந்தால் பூநாரையைத் தேடி ஏமாற வேண்டாம். ஆழம் கூடினால் அதனால் நின்று மேய முடியாது. நீர் வடியும் தை, மாசியில் கூட்டமாகப் பார்க்கலாம்.

3. கரையிலிருந்தே பாருங்கள். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்தார்கள். அதை மறக்கக் கூடாது.

4. மிக முக்கியமானது: கூட்டத்தை விரட்டிப் பறக்க வைக்காதீர்கள். போட்டோவுக்காகக் கல் எறிபவர்களும் இருக்காங்க. வெயில் காலம் தொடங்கும்போது திரும்பிப் போக இந்தப் பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன. நாம் ஒருமுறை விரட்டினால் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் போச்சு. நமக்கு அது ஒரு நிமிஷ வேடிக்கை. 25 கிராம் பறவைக்கு அது ஊர் போய்ச் சேரும் வழிச்செலவு.

5. பிளாஸ்டிக் பையைத் திரும்ப எடுத்து வாங்க.

நாமும் கணக்கெடுக்கலாம்

ஏரி வரை போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மழைக்குப் பிறகு நம் ஊர் ஏரி, தாங்கல், வயல்வெளியிலும் கொக்கு, நாரை, உள்ளான் இறங்கும். 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கிறது. ஓர் இடத்தில் 15 நிமிடமாவது நின்று, பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் குறித்தால் போதும். தேதி, நேரம், இடம் கட்டாயம் எழுதணும். தொழிற்சாலையும் வீடுகளும் பெருகி வரும் நம் பகுதியில், எந்தக் குளத்துக்கு எத்தனை பறவை வந்தது என்று எழுதி வைத்தால்தான், நாளைக்கு அது குறைந்தால் நமக்குத் தெரியும். எழுதாத கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க.

இந்தத் தாளின் அடியில் இடம் விட்டிருக்கிறோம். நீங்கள் பார்த்த பறவை, இடம், தேதி, எண்ணிக்கை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியலைன்னா கால் நிறமும் அலகு வடிவமும் எழுதினால் போதும், சேர்ந்து கண்டுபிடிப்போம்!

— 9ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு, தேசிய பசுமைப் படை