ஜமக்காளத்துக்கு என்ன விலை போடுவது?
கைவேலைப் பொருளை மதிப்பிடும் முறை பற்றிச் சில கருத்துகள்



பருப்புக்கும் புளிக்கும் விலை போட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மண்டி விலை, லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கழிவு, வட்டி என்று கூட்டினால் அடக்கம் வந்துவிடும். ஆனால் கையால் செய்த ஒரு பொருளைக் கொண்டுவந்து நம் முன்னால் வைத்து, "இதற்கு என்ன போடலாம்?" என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தடுமாற்றம்தான். நமக்கும் அந்தத் தடுமாற்றம் வந்தது. அதில் நாம் செய்த தவறையும், பிறகு கற்றுக்கொண்ட கணக்கையும் உறுப்பினர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று எண்ணியே இதை எழுதுகிறோம்.

பற்றுக்கு வந்த ஜமக்காளம்

பவானிப் பக்கம் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவர் ஒருவர், பல வருஷமாக நம்மிடம் சரக்கு எடுப்பவர். ஒருநாள் நான்கு ஜமக்காளங்களைக் கட்டிக் கொண்டுவந்து நம் கடையில் இறக்கினார். அவர் கடையில் ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு 5,400 ரூபாய் பற்று இருந்ததாம். பணம் தர முடியாத நெசவாளர், தம் தறியில் நெய்த நான்கு ஜமக்காளங்களைக் கொடுத்துக் கணக்கைத் தீர்க்கச் சொல்லியிருக்கிறார்.

"அண்ணா, இதை வச்சுக்கிட்டு என் பாக்கில வரவு வெச்சுருங்க. நீங்க என்ன போட்டாலும் சரிங்க, அதையே அவருக்கும் நான் வரவு வெச்சுக்கறனுங்க" என்றார் கடைக்காரர்.

நாம் ஜவுளிக்காரர் அல்ல. தெரிந்த கடை ஒன்றுக்குப் போன் போட்டு, அதே அளவுள்ள ஜமக்காளம் என்ன விலை என்று கேட்டோம். 900 ரூபாய்க்குத் தாராளமாகக் கிடைக்கிறது என்றார்கள். அப்படியே ஒன்றுக்கு 900 வீதம் நான்குக்கு 3,600 வரவு வைத்தோம். நெசவாளருக்கு இன்னும் 1,800 ரூபாய் பற்று நின்றது. பேரேட்டில் எழுதி மூடியாயிற்று. நியாயமாக நடந்துகொண்டோம் என்ற திருப்தியும் நமக்கு இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு திருமணத்துக்காகப் பவானி போனபோது, கடைக்காரர் நம்மை அந்த நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போனார். தறிக்குழியில் காலை இறக்கி அவர் நெய்துகொண்டிருந்தார். அவர் மனைவி தார் சுற்றிக்கொண்டிருந்தார். சாயம் போட்ட சிட்டங்கள் கொடியில் தொங்கின. நாம் வியாபாரி அல்லவா? உட்கார்ந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்று நெய்ய எத்தனை நாள், எத்தனை கிலோ நூல் என்று கேட்டோம். கூலி எவ்வளவு வைத்துக்கொள்கிறீர்கள் என்றும் கேட்டோம்.

"கூலிங்களா? தறி சொந்தமுங்க, ஊடு சொந்தமுங்க. ஊட்டுல இருக்கற நேரத்துல நெய்யறது தானுங்க. அதுக்கெல்லாம் யாருங்க கூலி போடறாங்க?" என்று சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு நம்மை விடவில்லை. வீடு சேர்ந்ததும் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

அடக்கக் கணக்கு

அவர் சொன்ன விவரத்தைக் கொண்டு ஒரு ஜமக்காளத்துக்கு நாம் போட்ட கணக்கு இது. உங்கள் ஊர் விலைவாசியை இதில் நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

சாயம் போட்ட நூல் 3 கிலோ, கிலோ 220 வீதம் 660 ரூபாய். நூல் கழிவு 5 சதவீதம், 33 ரூபாய். தறித் தேய்மானம், கயிறு, விளக்கு வகையில் 60 ரூபாய். நெய்ய இரண்டு நாள், நாளுக்கு 500 வீதம் 1,000 ரூபாய். பாவு, தார் வேலைக்கு வீட்டுப் பெண்களின் அரை நாள், 200 ரூபாய். போக்குவரத்தும் நூலுக்குப் போட்ட பணத்தின் வட்டியும் 47 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய்.

நாள் கூலி 500 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அதே மனிதர் தறியை விட்டு வெளியே கட்டட வேலைக்கோ மில் வேலைக்கோ போனால் என்ன கிடைக்குமோ, அதை வைத்துத்தான் போட வேண்டும். "வீட்டில் சும்மா இருக்கும் நேரம்" என்று ஒன்று கிடையாது.

இப்போது நாம் வரவு வைத்த 900 ரூபாயைப் பாருங்கள். நூல், கழிவு, தறிச் செலவு சேர்த்து 753 போய்விடுகிறது. வட்டியை விட்டுவிட்டாலும் மீதி 147 ரூபாய்தான். இரண்டு பேர் இரண்டரை நாள் உழைத்ததற்கு நாம் போட்ட விலை 147 ரூபாய்! ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து நாம் இதைச் செய்யவில்லை. கணக்கே போடாததால் செய்தோம்.

900 ரூபாய்ச் சரக்கு எது?

அப்படியானால் கடையில் 900 ரூபாய்க்கு விற்பது எது? அது பெரும்பாலும் வெளி மாநிலத்து விசைத்தறியில் ஓடி வருவது. கோடும் நிறமும் ஒன்றுபோல இருக்கும், சரக்கு வேறு. நாம் செய்த தவறு, ஒரு சரக்கின் விலையை வேறொரு சரக்குக்குப் போட்டதுதான். ஈரோட்டு விரலி மஞ்சளுக்கு மட்ட ரக மஞ்சளின் விலையைப் போட்டால் நாம் சும்மா இருப்போமா?

பவானியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமைத் துணியின் போட்டியால் தொழில் நலிந்தபோது, ஜங்கமர் என்ற நெசவுச் சமூகத்தார் முரட்டு நூலில் வண்ணக் கோடுகள் போட்டு நெய்யத் தொடங்கியதுதான் பவானி ஜமக்காளம் என்பர். 2005ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது கோவை வெட் கிரைண்டருக்கும் ஏறக்குறைய அதே காலத்திலும், ஈரோடு மஞ்சளுக்கு 2019இலும் இக்குறியீடு கிடைத்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். வேறிடத்துச் சரக்கைப் "பவானி ஜமக்காளம்" என்று பெயர் போட்டு விற்றால் செய்தவர் மட்டுமல்ல, விற்ற கடைக்காரரும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 ரகங்கள் இருந்தன. 1996இல் அவை 11 ஆகக் குறைக்கப்பட்டன. குறைத்த பிறகும் ஜமக்காளம் பட்டியலில் நிற்கிறது. சட்டம் இருந்தும் போலிச் சரக்கு ஓடுகிறது என்றால், வாங்கி விற்கும் நம் கையிலும் அதில் பங்கு இருக்கிறது.

சரக்கு எடுக்கும்போது கூட்டுறவுச் சங்கத்தின் பில்லைக் கேளுங்கள். 2006இல் தொடங்கிய கைத்தறி முத்திரைச் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். விரித்துப் பார்த்தால் கை நெசவில் கரையிலும் கோட்டிலும் சிறு ஏற்ற இறக்கம் தெரியும். அதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பவர், கைவேலைக்கான அடையாளத்தையே குறை என்கிறார்.

ஒரே பொருளுக்குப் பல விலை

கைவேலைப் பொருளின் மதிப்பைக் கேட்கிறவர், எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காரணத்துக்குத் தக்கபடி தொகை மாறும்.

விற்பதற்காக என்றால் அடக்கத்தின் மேல் லாபம் வைக்க வேண்டும். இங்கே நம்மவர் பலர் ஒரு பிழை செய்கிறார்கள். விற்பனையில் 20 சதவீதம் லாபம் வேண்டும் என்று சொல்லிவிட்டு, 2,000 அடக்கத்தின் மேல் 20 சதவீதம் கூட்டி 2,400 என்று போடுகிறார்கள். அது விற்பனையில் 16 சதவீதத்துக்குச் சற்று அதிகம்தான். விற்பனையில் 20 சதவீதம் வேண்டுமானால் 2,500 போட வேண்டும். வரி தனி.

வருஷக் கடைசியில் இருப்பு எழுதுவதற்காக என்றால், அடக்கம், விற்றால் செலவு போக வரக்கூடிய தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான். லாபத்தைச் சேர்த்து எழுதக் கூடாது.

இன்ஷூரன்ஸுக்காக என்றால், இருப்பு முழுவதையும் சரியான மதிப்புக்குப் பாலிசி எடுக்க வேண்டும். பத்து லட்சம் இருப்பை ஆறு லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு ஒரு லட்சம் நஷ்டம் ஏற்பட்டால், பொதுவான முறைப்படி அறுபதாயிரம்தான் கிடைக்கும். சில பாலிசிகளில் சிறு வித்தியாசத்துக்கு விலக்கு உண்டு. கைவேலைச் சரக்கைக் குறைத்து எழுதி வைத்தால், குடோனில் மழைத் தண்ணீர் புகுந்த அன்றுதான் அந்தக் குறை தெரியவரும்.

அவசரத்துக்குப் பணமாக்குவதற்காக என்றால் அது ஏல விலை. பற்றுக்கு வந்த சரக்குக்கு நாம் போடுவது பெரும்பாலும் இந்த விலைதான். கொடுக்கிறவருக்கு வேறு வழியில்லை என்பதையும் சேர்த்து நாம் விலையாக எழுதுகிறோம்.

கடைசியாக, மனத்தால் போடும் மதிப்பு ஒன்றிருக்கிறது. நம் வீடுகளில் பாட்டி பழைய சேலைகளை அடுக்கிக் கையால் தைத்த விரிப்பு இருக்கும். சந்தைக்குக் கொண்டுபோனால் பழந்துணி விலைதான். வீட்டார் எந்த விலைக்கும் தர மாட்டார்கள். ஆனால் அதுவும் எப்போதும் அப்படியே இருக்கும் என்பதற்கில்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஏழைக் கறுப்பினப் பெண்கள் குளிருக்காகப் பழைய வேலைச் சட்டை, கால்சட்டைத் துண்டுகளை ஒட்டித் தைத்த மெத்தைப் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது. துணி மாறவில்லை, தையல் மாறவில்லை. பார்க்கிறவர் கண் மாறியது.

எப்படித் தீர்த்தோம்?

2,000 ரூபாய் நியாயம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அந்த விலைக்கு எடுக்க ஆள் வேண்டுமே? 900 ரூபாய்ச் சரக்குக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். நாமும் கையை விட்டுக் கொடுக்கக் கடை நடத்தவில்லை. எனவே கடைக்காரரை அழைத்து இப்படி முடிவு செய்தோம். முன்பு வரவு வைத்த 900 ரூபாயை முன்பணம் என்று மாற்றி எழுதுவது. ஜமக்காளங்களை 2,500க்கு விற்றுக் கொடுப்பது. நம் பங்கு 500 போக, மீதி 1,100 ரூபாய் விற்றவுடன் நெசவாளர் கணக்குக்குப் போவது. விற்காவிட்டால் அவர் திருப்பி எதுவும் தர வேண்டியதில்லை.

மூன்று ஜமக்காளம் விற்க ஐந்து மாதம் ஆயிற்று. வாங்கியவர்கள் மூவருமே கல்யாணச் சீருக்காக எடுத்தவர்கள். எங்கே நெய்தது, யார் நெய்தது, எத்தனை நாள் ஆனது என்று சொல்லி விரித்துக் காட்டினோம். இரண்டு பேர் விலையில் பேரமே பேசவில்லை. நான்காவதை நாமே 2,000 கணக்கில் வீட்டுக்கு எடுத்துக்கொண்டோம். ஆக 4,400 ரூபாய் கூடுதலாக வரவு. நெசவாளரின் 1,800 பற்று தீர்ந்து, 2,600 ரூபாய் கையில் கொடுத்தோம். ஐந்து மாத வட்டியை நம் 500இல் கழித்துப் பார்த்தால் நமக்கும் நஷ்டமில்லை.

நம் கணக்கிலும் உள்ள ஓட்டை

இதில் நாம் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஜமக்காளத்தைப் பற்றியதல்ல. "ஊடு சொந்தம், தறி சொந்தம், அதுக்கு யாருங்க கூலி போடறாங்க?" என்று அவர் சொன்னபோது நாம் மனத்துக்குள் பரிதாபப்பட்டோம். கடைக்குத் திரும்பி நம் பேரேட்டைப் புரட்டினால் அதே கதைதான்!

கட்டடம் சொந்தம், ஆகவே வாடகை எழுதுவதில்லை. மதியம் நாம் சாப்பிடப் போகும்போது கல்லாவில் உட்காரும் வீட்டம்மாவுக்குச் சம்பளம் எழுதுவதில்லை. ராத்திரி பத்து மணி வரை கடுகும் சீரகமும் பொட்டலம் போடும் பிள்ளைகளின் உழைப்பு எங்கும் இல்லை. வருஷக் கடைசியில் வரும் தொகையை லாபம் என்று சொல்லி மகிழ்கிறோம். அதில் பெரும்பகுதி நாமே நமக்குக் கொடுக்காத கூலி. பிள்ளைகள் ஏன் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்று சங்கக் கூட்டங்களில் அங்கலாய்க்கிறோம். கூலி எழுதாத தொழிலுக்கு எந்தப் பிள்ளை வரும்? தறியிலும் அதுதான் நடக்கிறது.

உறுப்பினர்கள் ஒரு மாதம் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சொந்தக் கட்டடத்துக்கு ஊர் வாடகை என்னவோ அதை எழுதுங்கள். வீட்டார் உட்கார்ந்த மணி நேரத்துக்கு ஒரு கடைப் பையனின் சம்பளத்தை எழுதுங்கள். அதன்பின் மிஞ்சுவதுதான் லாபம். தொகை சிறியதாக இருந்தால் பயப்பட வேண்டாம். எந்தச் சரக்கு நம்மைத் தாங்குகிறது, எது நம் உழைப்பைத் தின்கிறது என்பது அன்றுதான் விளங்கும்.

நான்காவது ஜமக்காளம் இப்போது நம் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இந்த வருஷத்துக் கணக்கை எழுதினோம். வீட்டம்மாவின் பெயரில் முதல் தடவையாக ஒரு பக்கம் திறந்திருக்கிறோம்.