60 வயது ஸ்போர்ட்ஸ் கார், இ20 பெட்ரோல்: வாங்கினால் நாமே பராமரிக்க முடியுமா?

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வருகிறது. இரண்டு சீட், கழற்றக்கூடிய கூரை, நீளமான பானெட். விற்பவர் "ரன்னிங் கண்டிஷன்" என்கிறார். போட்டோவைப் பார்த்ததும் மனசு அலைபாய ஆரம்பித்துவிடும். வாங்கும் விலை என்ன என்பது முதல் போன் காலிலேயே தெரிந்துவிடும். வாங்கிய பிறகு வருஷா வருஷம் என்ன வேலை வரும், அதில் எவ்வளவை நாமே செய்யலாம் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

இந்தக் கட்டுரை அதற்காகத்தான். உதாரணத்துக்கு ஒரே ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.

ஏன் ஸ்பிட்ஃபயர்?

1962-ல் அறிமுகமாகி 1980 வரை தயாரான கார் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல் தயாரானதால், உதிரி பாகங்கள் பிரிட்டனில் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன.

இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. ஸ்பிட்ஃபயரின் அடிப்படை, ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற குடும்பக் கார். அதே ஹெரால்டை 1960-களில் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 948 சிசி இன்ஜினுடன் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் தயாரித்தது. அதனால் இங்கே சொல்லப்போகும் விஷயங்களில் பாதி, உங்கள் தாத்தா வீட்டு ஷெட்டில் ஒரு ஹெரால்டு தூங்கிக்கொண்டிருந்தால் அதற்கும் பொருந்தும்.

எடை குறைந்தால் என்ன லாபம்?

முதல் ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 710 கிலோ. 1147 சிசி இன்ஜின் கொடுத்த சக்தி 63 குதிரைத்திறன். ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 89. இன்றைய மாருதி ஸ்விஃப்ட் சுமார் 920 கிலோ, 80 குதிரைத்திறன். டன்னுக்கு சுமார் 87. அதாவது, நீங்கள் கனவு காணும் ஸ்போர்ட்ஸ் கார், ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்கும் ஸ்விஃப்ட் அளவுக்குத்தான் வேகம். வேகத்துக்காக இதை வாங்குகிறீர்கள் என்றால் இப்போதே நிறுத்திவிடலாம்.

ஆனால் பராமரிப்பில் எடை பேசும். கார் லேசாக இருப்பதால் பிரேக், டயர், பேரிங் எல்லாமே சிறியவை, தேய்மானமும் குறைவு. கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை. பானெட், முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இதைவிட வசதியான கார் அதிகம் இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லேசான காரில் உபரியாக எதுவும் இருக்காது. ஒரு சின்ன பாகம் தன் வேலையைச் செய்யாவிட்டால், அதைத் தாங்கிப்பிடிக்க இன்னொன்று இல்லை. அப்படிப்பட்ட இடங்கள் மூன்று.

முதலில் பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

1. ட்ரன்னியன்

முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ் முனையில் மரை இருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. அந்தக் கட்டைதான் ட்ரன்னியன். லோட்டஸ் எலான் போன்ற புகழ்பெற்ற லேசான கார்களும் ட்ரையம்ஃபின் இதே அமைப்பைக் கடன் வாங்கியவைதான்.

இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, இபி 90 கியர் ஆயில். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. ஒரு ஓரத்தில் கெட்டியாகி நின்றுவிடும். உள்ளே தண்ணீர் புகும், இரும்பு துருப்பிடிக்கும், ஒருநாள் தண்டு மரை இருக்கும் இடத்தில் முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடிந்து படுத்துவிடும். பார்க்கிங்கில் நடந்தால் செலவு. 80 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் உயிர்.

நம் ஊர் சர்வீஸ் சென்டர்களில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை வைத்து அடிப்பது பழக்கம். எனவே, "அண்ணா, இதுல கிரீஸ் வேண்டாம், கியர் ஆயில்தான்" என்று நீங்களே பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். ஒரு கிரீஸ் கன்னை ஆயிலுக்கென்றே தனியாக வைத்துக்கொண்டு, மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை நீங்களே அடித்துவிடுவது இன்னும் நல்லது. கால் மணி நேர வேலை.

2. த்ரஸ்ட் வாஷர்

கிராங்க்‌ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது, அரைவட்ட வடிவில் உள்ள இரண்டு மெல்லிய வாஷர்கள். ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கும்போதும் அந்த அழுத்தம் இவற்றின் மேல்தான் விழுகிறது. தேய்ந்து தேய்ந்து ஒருநாள் இடத்தைவிட்டு சம்ப்புக்குள் விழுந்துவிடும். அதன் பிறகு கிராங்க்‌ஷாஃப்ட் நேராக பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

சோதனை எளிது. இன்ஜினை அணைத்துவிட்டு, நண்பர் ஒருவரை கிளட்சை மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் நகரும் தூரம் 0.1 முதல் 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கண்ணுக்கே பளிச்சென்று தெரியும் அளவுக்கு அசைந்தால், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் இன்ஜினை இறக்காமலே, சம்ப்பை மட்டும் கழற்றி வாஷரை மாற்றலாம்.

பெங்களூர் சிக்னலில் கிளட்சை மிதித்தபடியே இரண்டு நிமிடம் நிற்பவரா நீங்கள்? இந்தக் காரில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நியூட்ரலுக்கு மாற்றிவிட்டுக் காலை எடுங்கள்.

3. கதவுக்குக் கீழே உள்ள சில்

ஸ்பிட்ஃபயருக்குத் தனியாக சேஸிஸ் இருக்கிறது. அதனால் பாடி துருப்பிடித்தாலும் பரவாயில்லை என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. ஹெரால்டில் சேஸிஸின் பக்கவாட்டுச் சட்டங்கள் செய்யும் வேலையை, ஸ்பிட்ஃபயரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் செய்கிறது. அது துருப்பிடித்தால் கார் நடுவில் தொய்யும். கதவு சரியாக மூடாது. கதவின் இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர ஊரில் ஓடிய வண்டியென்றால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். இந்த வேலை நம்மால் ஆகாது. நல்ல டிங்கரிங் பட்டறைதான் பார்க்க வேண்டும்.

இ20 பெட்ரோல் என்ன செய்யும்?

இந்தியாவில் இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த இலக்கு முதலில் 2030-க்குத்தான் இருந்தது. பிறகு 2025-க்கு முன்னுக்குக் கொண்டுவரப்பட்டது. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு வடிவமைத்து, 10% கலவைக்கு டியூன் செய்த கார்களில் இ20 போட்டால் எரிபொருள் திறன் 6 முதல் 7% குறையும் என்று 2021-ல் வெளியான நிதி ஆயோக்கின் அறிக்கையே மதிப்பிட்டது. 1960-களின் கார் அந்தக் கணக்கிலேயே வராது. அதற்கு எத்தனால் என்றால் என்னவென்றே தெரியாது.

பிரச்னைகள் மூன்று.

முதலாவது, ரப்பர். பழைய பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் சீல் ஆகியவற்றை எத்தனால் உப்ப வைக்கும் அல்லது வெடிக்க வைக்கும். ஸ்பிட்ஃபயரில் கார்புரேட்டர்கள், சூடான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டுக்கு நேர் மேலே இருக்கின்றன. ஹோஸில் ஒரு விரிசல் விழுந்தால் பெட்ரோல் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை இது: எல்லா பெட்ரோல் ஹோஸ்களையும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 தர ஹோஸாக மாற்றுங்கள். பம்ப்புக்கு எத்தனாலைத் தாங்கும் டயாஃப்ரம் கிட் போடுங்கள். காரில் ஒரு தீயணைப்பான் வையுங்கள். பழைய காரின் அழகைக் கெடுக்கிறதே என்று பார்க்காதீர்கள்.

இரண்டாவது, கலவை. பெட்ரோல் முழுதாக எரிய ஒரு பங்குக்கு சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். புதிய காரில் சென்சார் இதைக் கவனித்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த மூளை இல்லை. பழைய செட்டிங்கிலேயே விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் அதிகம் சூடாகும்.

நல்லவேளையாக, ஸ்பிட்ஃபயரில் உள்ள எஸ்யூ கார்புரேட்டரை நாமே சரிசெய்யலாம். அடியில் ஜெட்டைப் பிடித்திருக்கும் ஆறுபக்க நட்டைக் கீழ்நோக்கித் திருகினால் பெட்ரோல் கூடும். ஒரே நேரத்தில் ஒரு பக்கம் அளவுக்கு மட்டும் திருகுங்கள். பிறகு, இன்ஜின் சூடாக ஓடும்போது, பக்கவாட்டில் உள்ள சின்ன பின்னால் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறினால் பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியான அளவு. இரண்டு கார்புரேட்டர்களுக்கும் இதைச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஈரம். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதுதான் இந்தக் காருக்குப் பெரிய எதிரி. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். முடிந்தால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள்.

அளந்து எழுதுங்கள்

டேட்டாவோடு பிழைப்பு நடத்துகிற ஆளாக நான் சொல்லக்கூடிய ஒரே ரகசியம் இதுதான். காருக்கென்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் ஆரம்பியுங்கள். இந்த எண்களைத் தேதியோடும் கிலோமீட்டரோடும் பதிவு செய்யுங்கள்:

- வால்வு இடைவெளி: இன்ஜின் குளிர்ந்த நிலையில் 0.25 மி.மீ.
- காண்டாக்ட் பாயின்ட் இடைவெளி: சுமார் 0.38 மி.மீ.
- ஸ்பார்க் பிளக் இடைவெளி: சுமார் 0.64 மி.மீ.
- கிராங்க் புல்லியின் அசைவு: ஆறு மாதத்துக்கு ஒருமுறை
- இன்ஜின் ஆயில்: 20டபிள்யூ-50, 5,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது
- பிரேக் ஆயில்: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும்

எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஓர் உதாரணம். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் முற்றிலும் நிறுத்தப்பட்டது. பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் தேயாமல் காத்துவந்தது. இப்போது அது இல்லை. வால்வு இடைவெளி 0.25-லிருந்து அடுத்தமுறை 0.20, அதற்கடுத்து 0.15 என்று குறைந்துகொண்டே வந்தால், வால்வு உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு தடவை அளந்தால் இது தெரியாது. மூன்று தடவை எழுதி வைத்தால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றி, கெட்டியான வால்வு சீட் போட்டு இன்ஜினைக் காப்பாற்றலாம்.

எதை நாமே செய்யலாம்?

ஆயில், பிளக், பாயின்ட், கார்புரேட்டர் செட்டிங், வால்வு இடைவெளி, ஹோஸ், ட்ரன்னியன் ஆயில் ஆகியவற்றை ஒரு வார இறுதிக்குள் கற்றுக்கொள்ளலாம். ஹெட் ஓவர்ஹால், கியர்பாக்ஸ், வெல்டிங் எல்லாம் லேத் பட்டறைக்கும் அனுபவசாலி மெக்கானிக்குக்கும் விட வேண்டியவை.

டூல் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் காரின் நட்டுகள் எல்லாம் இன்ச் கணக்கு. அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. வீட்டில் இருக்கும் 13 ஸ்பேனர் ஓரளவு பொருந்துவது போலவே இருக்கும்; நாலு தடவை திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். இன்ச் ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் இரண்டு விதிகள், விதிவிலக்கு கிடையாது. வெறும் ஜாக்கியில் நிற்கும் காருக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி ஸ்டாண்டு வைத்த பிறகுதான். பழைய பிரேக் ஷூவின் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ஆர்சி என்ன ஆகும்?

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத காரை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வின்டேஜ் பதிவு பெற்ற காரைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. சாதாரணப் பதிவிலேயே தொடர்வதென்றால் புதுப்பிப்புக் கட்டணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட்டில் அது உயர்த்தப்பட்டது: 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதியான காருக்கு 80,000 ரூபாய். ஸ்பிட்ஃபயர் இறக்குமதியான கார் என்பதை மறக்க வேண்டாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், ஆர்சியில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் காரில் உள்ளவற்றோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள்.

அப்போ, வாங்கலாமா?

இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பாருங்கள். மழை படாத, மூடிய பார்க்கிங் இருக்கிறதா? மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்க முடியுமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் தைரியமாகப் போய்ப் பாருங்கள். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் தள்ளிப் போடுங்கள். துரு உங்கள் ஓய்வு நேரத்துக்காகக் காத்திருக்காது.

பார்க்கப் போகும்போது கையில் ஒரு டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கிளட்சை மிதிக்க ஒரு நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "ட்ரன்னியனுக்கு என்ன போடுறீங்க?" என்பதுதான். "கிரீஸ்" என்று பதில் வந்தால், முன் சக்கரத்தின் இரண்டு தண்டுகளையும் மாற்றும் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். அவை மாறும்வரை அந்தக் காரை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.