உயரத்தைக் கண்டால் நடுக்கமா? ஹிப்னோதெரபிக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போடிமெட்டு இறக்கத்தில் பஸ் வளைவு திரும்பும்போது கம்பியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்பவர்களை மூணாறு, தேவிகுளம், பூப்பாறைக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறையில் தென்னையும் பனையும் ஏறிப் பிழைக்கும் குடும்பங்கள் பல. கூட ஏறியவர் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மரத்தடியிலேயே கால் துவண்டு போகிறவர்கள் அங்கே உண்டு. வாகமண்ணில் 2023இல் திறந்த 40 மீட்டர் கண்ணாடிப் பாலத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் மலைப்பாதையில் போகாமல் இருக்க முடியுமா?

உயர பயம் தீரக்கூடியது. அந்த நம்பிக்கையைக் காசாக்க ‘ஒரே சிட்டிங்கில் பயம் போகும்’ என்று போர்டு மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எது சிகிச்சை, எது ஏமாற்று என்று தெரிந்துகொள்வது அவசியம்.

எந்தப் பயத்துக்குச் சிகிச்சை வேண்டும்?

நிற்கும்போது நம் உடல் லேசாக ஆடிக்கொண்டேதான் இருக்கும். அருகிலுள்ள பொருள்களைப் பார்த்துக் கண் அந்த ஆட்டத்தைச் சரிசெய்கிறது. பள்ளத்தின் விளிம்பில் அருகே பார்க்க எதுவும் இல்லாததால் ஆட்டம் கூடுகிறது. அப்போது வரும் பயம் இயற்கை தந்த காவல். ஆறு மாதத்துக்கு மேலாக நீடித்து, வேலையையும் பயணத்தையும் கெடுத்தால்தான் அது சிகிச்சை தேவைப்படும் கோளாறு.

உலகமே சுழல்வதுபோல் தலைசுற்றினால் முதலில் காது மருத்துவரைப் பாருங்கள். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பின் கோளாறாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதியுங்கள். சிலரது பயத்துக்குப் பேரிடர் நினைவும் காரணமாகலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே ராஜமலை பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அப்படி ஒரு பேரிடரைக் கண்டவருக்கு மலைச்சரிவைப் பார்த்து உடல் நடுங்கினால், அது வெறும் உயர பயமாக இருக்காது. அதற்கு மனநல மருத்துவரின் கவனிப்பு தேவை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கயிறும் பெல்ட்டும் தராமல் மரம் ஏறச் சொன்னால் வருகிற பயம் நோயே அல்ல. அதற்குப் பரிகாரம் பாதுகாப்புக் கருவி, ஹிப்னாடிசம் அல்ல.

ஹிப்னோதெரபியில் என்ன நடக்கிறது?

நாற்காலியில் சாய்ந்து, மூச்சைச் சீராக்கி, சிகிச்சையாளரின் குரலில் மட்டும் கவனத்தை நிறுத்துகிறீர்கள். உடல் தளர்ந்ததும், முதல் மாடி வராந்தாவில் நிற்பதாகக் கற்பனை செய்யச் சொல்வார். பயம் ஏறினால் விரலை உயர்த்தச் சொல்வார். விரல் உயர்ந்ததும் அங்கேயே நிறுத்தி, மறுபடி தளர வைப்பார். இது தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. நடப்பது உங்களுக்குத் தெரியும். வேண்டாமென்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதில் மாயம் ஒன்றும் கிடையாது. திருவல்லாவில் பிறந்து யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கே ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தியவர்.

ஆனால் உயர பயத்துக்கு மிக வலுவான ஆதாரமுள்ள சிகிச்சை, பயப்படும் உயரத்தையே படிப்படியாகச் சந்திக்கப் பழக்குவதுதான். முதலில் மலைச்சாலையின் படம், பிறகு வீட்டு மொட்டை மாடி, பிறகு நடைமேம்பாலம், கடைசியில் வளைவில் கைப்பிடிச் சுவரோரம் பத்து நிமிடம். ஒவ்வொரு படியிலும் பயம் தானாகத் தணியும்வரை நிற்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் 100 பேரிடம் மெய்நிகர் காட்சிக் கருவியோடு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறையில் சிகிச்சை பெற்றவர்களின் பயம் சராசரியாக 68 சதவீதம் குறைந்தது. ஹிப்னோதெரபிக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. படிப்படியான பயிற்சிக்கு மனதைத் தயார்படுத்தும் துணையாக அது உதவலாம்.

ஆபத்துகள்

மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்களுக்கு ஹிப்னாடிசம் கேடு செய்யக்கூடும். வலிப்பு உள்ளவர்கள் முதலில் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இவற்றையெல்லாம் முன்கூட்டி விசாரிக்காமல் தொடங்குபவரிடம் சிகிச்சை பெறாதீர்கள். ‘முன்ஜென்மத்தில் மலையிலிருந்து விழுந்தீர்கள்’ என்று கதை கட்டினால் நடக்காதவை நினைவாகப் பதிந்துவிடக்கூடும். ‘குணமாகிவிட்டது’ என்ற வாக்கை மட்டும் நம்பி கயிறு இல்லாமல் மரமேறுவது உயிருக்கே ஆபத்து. பெண்களும் சிறுவர்களும் நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

உங்கள் உரிமைகள்

ஹிப்னோதெரபியைத் தகுந்த பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே சிகிச்சையாளரின் தகுதியைக் கேளுங்கள். மனநல மருத்துவரானால் மருத்துவக் கவுன்சில் பதிவு, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும். சில நாள் வகுப்பில் வாங்கிய சான்றிதழ் இவற்றுக்கு ஈடாகாது.

அன்றாட வாழ்வை முடக்கும் அளவு மனநோய் உள்ளவருக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. நோயையும் சிகிச்சையையும் பற்றி உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கம் பெறலாம். நீங்கள் சொன்னவை ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் உடல்நோய்க்கு உள்ள அதே இடம் மனநோய்க்கும் உண்டு. கேரள எல்லைப் பகுதித் தமிழர்களுக்கு மொழி பற்றிய இந்த உரிமை பெரிய விஷயம். ஹிப்னோதெரபி முழுக்கப் பேச்சால் நடப்பது. அரைகுறையாகப் புரியும் மொழியில் அது பலிக்காது. தமிழில் பேசும் சிகிச்சையாளர் வேண்டும் என்று கூச்சமில்லாமல் கேளுங்கள்.

எங்கே போவது? ஏமாந்தால் என்ன செய்வது?

முதல் படி செலவில்லாதது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் 1056 என்ற திசா உதவி எண்ணும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இயங்குகிறது. அதன் குழு உங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வரும் என்று ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

தனியாரிடம் போனால் ரசீது, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பொய் வாக்குறுதி தந்து பணம் வாங்கியவர்மீது, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சிகிச்சை கோயம்புத்தூரிலோ தேனியிலோ நடந்திருந்தாலும் பாலக்காடு, இடுக்கி ஆணையமே விசாரிக்கும். ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம், 15100க்கு அழையுங்கள். தகாத முறையில் தொட்டாலோ மிரட்டினாலோ தாமதிக்காமல் 112க்கு அழைத்துப் போலீஸிடம் சொல்லுங்கள்.

பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பல வருஷம் வீட்டுக்குள் முடங்கிப் போகிறவர்கள்தான் கடைசியில் போலிகளிடம் மாட்டுகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தோட்ட லயத்திலோ இருந்தால், இன்றே அவர் பக்கத்தில் உட்கார்ந்து 14416க்குப் போன் போட்டுக் கொடுங்கள்.