மாடி வீட்டுக்குக் கண்ணாடிக் கதவு: அட்வான்ஸ் கொடுக்குமுன் கவனியுங்கள்

கீழே கடை, பின்னால் குடோன், மேலே குடும்பம் என்பது நம் வணிகர்களில் பலருக்கு அப்பா காலத்து ஏற்பாடு. அந்த மாடி வீட்டில் மொட்டை மாடிப் பக்கத்துச் சுவரை எடுத்துவிட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவு போடுவது இப்போது பரவலாகி வருகிறது. வெளிச்சம், காற்று இரண்டும் கிடைக்கும். கதவு திறந்து நிற்கத் தனி இடமும் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் துவரம் பருப்பு வாங்காத நம்மவர்கள்கூட, இந்தக் கதவை மட்டும் "சதுர அடி என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு வாங்கிவிடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்குள் பல சரக்குகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு கொட்டேஷன்களில் விலை வித்தியாசம் தெரிந்தால், கண்ணாடியின் கனம், அது எந்த வகை, அலுமினியச் சட்டத்தின் கனம், ரோலரின் தரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

எடைக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் 2½ கிலோ எடை. 6 அடி அகலம், 7 அடி உயரம் உள்ள வாசலில் இரண்டு கதவுகள் என்றால், 5 மில்லிமீட்டர் கண்ணாடியில் ஒரு கதவுக்குச் சுமார் 24 கிலோ. 6 மில்லிமீட்டரில் 29 கிலோ. சட்டம் தனி. அதாவது ஓர் அரிசிச் சிப்பத்தை இரண்டு சிறிய ரோலர்கள் அன்றாடம் சுமந்து ஓடுகின்றன. மட்டமான ரோலர் தேய்ந்துவிட்டால் கதவு டிராக்கை உரசும். வீட்டுப் பெண்கள் தள்ளித் தள்ளிக் கை சலித்துப் போவார்கள்.

கண்ணாடி வகையில் மட்டும் பேரம் பேச வேண்டாம். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாக விழும். 'டஃபண்ட்' கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றடித்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அது பலமடங்கு உறுதியானது; உடைந்தாலும் கற்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். குழந்தைகள் ஓடுகிற வீட்டில் தரை வரை கண்ணாடி போடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. மூலையில் அழியாத முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குழந்தையின் கண் மட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதும் நல்லது.

டஃபண்ட் கண்ணாடியை ஒருமுறை தயாரித்துவிட்டால் பிறகு அறுக்கவோ துளையிடவோ முடியாது. ஆகவே டைல்ஸ் பதித்து, பூச்சு வேலை முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலத்தையும் உயரத்தையும் மும்மூன்று இடங்களில் அளந்து, குறைந்த அளவைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மூலைக்கு மூலை குறுக்கேயும் டேப் பிடித்துப் பாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக இல்லாவிட்டால் வாசல் கோணல். சரிசெய்யாமல் கதவு வைக்கக் கூடாது. பழைய பஜார் கட்டடங்களில் சுவரே கூரையைத் தாங்கி நிற்கும். அங்கே இஞ்சினியர் பார்க்காமல் கடப்பாரை வைப்பது பேராபத்து.

இனி, பலரும் கண்டுகொள்ளாத தண்ணீர் விஷயம். அரிசி, பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர் புரட்டாசியில் கதவு போட்டார். பார்க்க மாளிகை போல இருந்தது. ஐப்பசி மழையில் கீழே குடோன் கூரை சொட்ட ஆரம்பித்தது. நான்கு மூட்டைத் துவரம் பருப்பு நனைந்து கட்டி தட்டிப்போனது. கான்கிரீட்டில் விரிசல் என்று நினைத்துத் தேடினார்கள், விரிசலே இல்லை. இந்தக் கதவின் அடி டிராக் ஒரு சிறிய வாய்க்கால் போன்றது. சாரல் அடித்தால் அதில் தண்ணீர் சேரத்தான் செய்யும். அது வெளியேற டிராக்கின் வெளிப்பக்கத்தில் சிறு துளைகள் விடுவது வழக்கம். அந்த வீட்டில் வேலை செய்தவர், எறும்பு வரும் என்று நினைத்து அவற்றைச் சிலிக்கான் பசையால் அடைத்துவிட்டார். தண்ணீர் உள்ளே வழிந்து, டைல்ஸ் இடுக்கில் இறங்கி, குடோனுக்கு வந்து சேர்ந்தது. துளைகளைத் திறந்துவிட்டதும் சொட்டு நின்றது. பருப்பு நஷ்டம் நஷ்டம்தான்.

எனவே துளைகளை நீங்களே குனிந்து எண்ணிப் பாருங்கள். மொட்டை மாடித் தளம் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்து, வெளிப்பக்கம் வாட்டமாக இருக்க வேண்டும். அடி டிராக்கில் ஸ்குரு போட்டால் அந்த ஓட்டையில் சிலிக்கான் வைத்த பிறகே ஸ்குரு இறங்க வேண்டும்.

சட்டத்தை நிறுத்தும்போது ரசமட்டமும் தூக்குக்குண்டும் இல்லாமல் வேலை தொடங்க விடாதீர்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியில் ஆங்காங்கே பேக்கிங் வைத்து, மட்டம் பார்த்துத்தான் முடுக்க வேண்டும். ஈரச் சிமெண்ட் அலுமினியத்தை அரிக்கும். அதனால் ஒட்டி வரும் பாதுகாப்பு டேப்பைக் கடைசி வரை உரிக்க வேண்டாம். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இந்த வேலைக்கு ஏற்றதல்ல. 'நியூட்ரல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.

இரவில் கல்லாப் பணம் மாடிக்கு வருகிற வீடுகள் நம்முடையவை. இந்தக் கதவை மேலே தூக்கித்தான் டிராக்கில் இறக்குகிறார்கள். தூக்கி இறக்கியதைத் திருடனும் தூக்கி எடுக்கலாம். மேல் சட்டத்தில் தூக்கவிடாத தடுப்புக்கட்டை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அளவாக அறுத்த கம்பு ஒன்றை உள்டிராக்கில் போட்டு வைத்தால் பூட்டு உடைந்தாலும் கதவு நகராது. செலவு ஒன்றுமில்லை.

மேற்குப் பார்த்த வாசலானால் சற்று யோசியுங்கள். சித்திரை வெயில் மாலை முழுவதும் உள்ளே விழும். வெளியே நிழற்கூரை இல்லாமல் உள்ளே திரை மட்டும் போட்டால் பாதிப் பலன்தான்.

வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் கொடுத்துவிட வேண்டாம். மூடிய கதவின்மேல் வெளியிலிருந்து நான்கு பக்கெட் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். டிராக்கில் சேர்ந்த தண்ணீர் துளை வழியே வெளியே ஓடி, உள்தரை காய்ந்திருந்தால், கண்ணாடியின் கனமும் வகையும் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு பாக்கியைத் தீர்த்து அனுப்புங்கள்.