குப்பை அஞ்சலும் தப்பிப்போன நல்ல அஞ்சலும்

2011 பொங்கல் விழாவில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஐயா, என் பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு மெயில் போட்டிருந்தா. கிடைக்கலைன்னா பரவாயில்லை. 'இல்லை'ன்னு ஒரு வரி பதிலாவது போட்டிருக்கலாமே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒரு விண்ணப்பமே குழுவுக்கு வரவில்லை.

அந்நாளில் நம் சங்கத்தின் மின்னஞ்சலும் என் பாத்திரக் கடையின் மின்னஞ்சலும் ஒரே சர்வரில்தான் ஓடின. புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு நானே அதை நடத்திவந்தேன். மறுநாள் சர்வரின் பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். அஞ்சல் வந்திருக்கிறது. என் சல்லடை அதைக் குப்பை என்று முடிவு கட்டி, யாருக்கும் சொல்லாமல் அழித்திருக்கிறது. குற்றம் சல்லடையுடையது அல்ல. "அழித்துவிடு" என்று அதற்குச் சொல்லிவைத்த என்னுடையது. அன்று நான் கற்ற பாடமே இக்கட்டுரை.

குப்பை வந்த வழி

1978 மே மாதம், அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். முதல் குப்பை அஞ்சல் என்று அதைத்தான் சொல்வார்கள். தபாலில் அனுப்பினால் ஒவ்வொரு உறைக்கும் ஸ்டாம்ப் ஒட்டவேண்டும். மின்னஞ்சலிலோ ஒருவருக்கு அனுப்பினாலும் லட்சம் பேருக்கு அனுப்பினாலும் செலவு பெரிதாகக் கூடாது. போதாக்குறைக்கு, 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் விதிமுறை, அனுப்புகிறவர் சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடுகிறது. இவை இரண்டும் சேர்ந்து வந்த வினை இது.

இரண்டு தவறும் ஒன்றல்ல

ஒரு கணக்குப் போடுவோம். நாளொன்றுக்கு 1,000 அஞ்சல். அதில் 900 குப்பை, 100 நல்லவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சல்லடை நூற்றுக்கு ஒரு தவறுதான் செய்கிறது. 99 மார்க்! ஆனாலும் 9 குப்பைகள் உள்ளே வரும். ஒரு நல்ல அஞ்சல் வெளியே போகும். உள்ளே வந்த ஒன்பதை அழிக்க அரை நிமிஷம் போதும். வெளியே போன ஒன்று ஆர்டரோ, வேலைக்கான அழைப்போ, யாருக்குத் தெரியும்? வருஷத்துக்கு இப்படி 365 போகும். ஆகவே குப்பை எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்ப்பது, வரவை எழுதிவிட்டுச் செலவை எழுதாத கணக்கு.

சல்லடை செய்யும் வேலை

முதல் வகை கறுப்புப் பட்டியல். குப்பை அனுப்பும் சர்வர்களின் எண்களைத் தொகுத்து வைத்திருப்பார்கள். பயனுள்ளதுதான். ஆனால் ஒரே சர்வரைப் பலர் பகிரும்போது ஒருவன் செய்த தப்புக்கு எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். ஓ.ஆர்.டி.பி. என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அது தெரியாமல் பல சர்வர்கள் அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் அது, கேட்ட எல்லா எண்ணுக்கும் "ஆம், பட்டியலில் உண்டு" என்று பதில் தரத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சர்வர்கள் நல்லது கெட்டது பாராமல் எல்லாவற்றையும் தடுத்தன.

இரண்டாவது வகை மதிப்பெண். 2001-இல் வந்த ஸ்பாம் அசாசின் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு அறிகுறிக்கும் புள்ளி போடும். கூட்டினால் 5 வந்தால் குப்பை என்பது அதன் வழக்கமான அளவு. அந்தப் பெண்ணின் அஞ்சலில் தலைப்பு முழுக்கப் பெரிய ஆங்கில எழுத்து. உள்ளே ஒரே வரி. மற்றதெல்லாம் ஸ்கேன் செய்த படம். அனுப்பிய சர்வரோ ஒரு கறுப்புப் பட்டியலில். ஒவ்வொன்றும் சின்னக் குறைதான். கூட்டியபோது எல்லை தாண்டிவிட்டது.

மூன்றாவது, சொற்களை எண்ணிக் கற்பது. 2002-இல் பால் கிரஹாம் இதைப் பிரபலப்படுத்தினார். நல்ல அஞ்சலில் வரும் சொல்லை அவர் இரட்டிப்பாக எண்ணினார். சந்தேகத்தின் பலன் நல்லவனுக்குப் போகட்டும் என்பதற்காக!

பிடித்ததை என்ன செய்வது?

முக்கியமான கேள்வி இதுதான். என் பாட்டி கிணற்று நீரைத் துணியில் வடிகட்டுவார். துணியில் தங்கியதைக் கண்ட இடத்தில் உதறமாட்டார். அதே கிணற்றில் கொண்டுபோய் விடுவார். அஞ்சலுக்கும் அதே நியாயம்தான்.

நிச்சயமான குப்பையை வாசலிலேயே, 550 போன்ற மறுப்பு எண்ணோடும் காரணத்தோடும், ஏற்க மறுக்கவேண்டும். அனுப்பியவர் உண்மையான ஆளாக இருந்தால் அவருடைய சர்வர் அவருக்குச் சொல்லிவிடும்; அவர் போன் செய்வார். உள்ளே வாங்கிக்கொண்டு பிறகு திருப்பி அனுப்பக்கூடாது. குப்பையில் அனுப்புநர் பெயர் பெரும்பாலும் பொய். சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் போய் விழும். சந்தேகமானதைத் தனிப் பெட்டியில் போடவேண்டும். சத்தமில்லாமல் அழிப்பது மட்டும் கூடவே கூடாது. அழித்தால் அனுப்பியவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

முன்பின் தெரியாத சர்வரை "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொல்லும் முறையும் 2003 முதல் உண்டு. ஒழுங்கான சர்வர் திரும்ப வரும். அவசரக் குப்பைக்காரன் பெரும்பாலும் வரமாட்டான். ஆனால் நல்ல அஞ்சலும் தாமதமாகும், ஓ.டி.பி. எண்ணுக்குக் காத்திருப்பவர் பாடு திண்டாட்டம். அனுப்புநரின் உண்மையைச் சோதிக்க இன்று எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவை இருக்கின்றன. மொத்தமாக அஞ்சல் அனுப்புவோர் இவற்றை வைத்திருக்கவேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் கேட்கின்றன. நிறைய பேருக்குச் சுற்றறிக்கை அனுப்பும் சங்கங்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சர்வர் நடத்தாத நீங்கள் செய்யவேண்டியது இரண்டே. தினம் ஒருமுறை ஸ்பாம் பெட்டியைத் திறந்து பாருங்கள். நல்லது கண்டால் "ஸ்பாம் அல்ல" என்று அழுத்துங்கள், சல்லடை கற்றுக்கொள்ளும். முக்கியமான விண்ணப்பத்தில் படத்தை மட்டும் அனுப்பாமல், நான்கு வரி சொந்தமாக எழுதுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு அடுத்த ஆண்டு உதவித்தொகை கிடைத்தது. முந்தைய ஆண்டுக் கட்டணத்தை அவர் அப்பா கடன் வாங்கித்தான் கட்டியிருந்தார். இன்றும் காலையில் கடை திறந்ததும் நான் முதலில் பார்ப்பது குப்பைப் பெட்டியைத்தான்.