ஆமை வளர்ப்போர் அறிய வேண்டியவை



பிள்ளைகள் உள்ள இல்லங்களில் நாய், பூனை, கிளி ஆகியவற்றோடு இக்காலத்தில் ஆமையும் இடம்பெற்றுவிட்டது. அது குரைப்பதில்லை, அதிக இடமும் கேட்பதில்லை. இத்துணைச் சாதுவான பிராணியால் மனிதருக்கு நோய் வரக்கூடுமோ என்று பலர் வியக்கலாம். வரக்கூடும் என்பதே மருத்துவ அறிஞரின் முடிபு.

இந்நோய்க்குக் காரணம் சல்மனெல்லா என்னும் பற்றீரியாக் கிருமி. 1885 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தியோபால்ட் ஸ்மித் என்பவர் இவ்வினக் கிருமி ஒன்றைப் பன்றியிலிருந்து பிரித்தெடுத்தார். அவருடைய தலைவராக விளங்கிய மிருக வைத்தியர் டானியல் சால்மன் என்பாரின் பெயரே பின்னர் அதற்கு வழங்கலாயிற்று. ஆமை, பல்லி, பாம்பு முதலிய ஊர்வனவற்றின் குடலில் இக்கிருமி குடியிருப்பது சாதாரணம். அதனால் அவற்றுக்கு எந்த நோயும் தோன்றாதிருக்கலாம். ஆகவே, ஆமை சுகமாக இருப்பது அது கிருமியற்றது என்பதற்குச் சான்றாகாது. கிருமி அதன் எச்சத்தோடு சில நாள் வெளிப்படும்; சில நாள் வெளிப்படாது. எச்சம் கலந்த நீரில் கிடக்கும் ஆமையின் ஓட்டிலும் தோலிலும் அது படிகிறது. அங்கிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் எளிதிற் செல்கிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வளர்ப்பு ஆமைகளால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 280,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என மதிப்பிடப்பட்டது. சிறு ஆமைகளைக் குழந்தைகள் வாயிலே வைத்துக்கொள்வதும் உண்டு. எனவே, நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளைச் செல்லப் பிராணிகளாக விற்பது 1975 இல் அங்கு தடைசெய்யப்பட்டது.

நம் நாட்டில் மீன்தொட்டிக் கடைகளில் விற்கப்படும், செவியோரம் சிவந்த கோடுடைய ஆமையும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. வரண்ட பிரதேசக் காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையோ சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். கிணற்றிலே ஆமையை விட்டால் நீர் தூய்மையாகும் என்ற நம்பிக்கையும் சில இடங்களில் உண்டு. ஆமை பூச்சிகளைத் தின்னலாம். ஆனால், அதன் எச்சம் அந்நீரிலேயே கலக்கிறது. அத்தகைய நீரைக் கொதிக்கவைக்காமல் அருந்தலாகாது.

பண்டாரவளை, பதுளைப் பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் இதில் விசேட கவனம் செலுத்தவேண்டும். லயன் காம்பராவில் சமையலும் உறக்கமும் குழந்தையின் விளையாட்டும் அருகருகே நடைபெறுகின்றன. ஆமைத் தொட்டியைப் பொதுப் பீலியிலே கழுவினால், ஒரு வீட்டுக் கிருமி அயல் வீடுகளுக்கும் போய்ச்சேரலாம். கைக்குழந்தை ஆமையைத் தொடவேண்டும் என்பதுமில்லை. தொட்டவர் கைகழுவாமல் பாற்போத்தலை எடுத்தாலே போதும்.

கிருமி புகுந்து ஆறு மணித்தியாலம் முதல் ஆறு நாட்களுக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம் ஆகியன தோன்றும். பெரும்பாலானோர் ஒரு வாரத்திற் குணமடைவர். ஆயினும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியோர் ஆகியோரில் கிருமி இரத்தத்திற் கலந்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வயிற்றோட்டம் கண்டவுடன் ஜீவனி கரைத்துக் கொடுக்கவேண்டும். மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியசாலைக்குத் தாமதமின்றிச் செல்க. வீட்டில் ஆமை இருப்பதை வைத்தியரிடம் தவறாது கூறுக. முன்பு மிஞ்சிய மாத்திரைகளை நாமாகவே கொடுத்தல் தகாது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டிலும் பிள்ளைக் காம்பராவிலும் ஆமை வளர்க்காதிருப்பதே நன்று. மற்றையோர் ஆமையையோ அதன் நீரையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவவேண்டும். தொட்டியைச் சமையலறையிற் கழுவலாகாது. அதற்கெனத் தனிவாளி வைத்துக்கொள்க. வேண்டாமென்று ஆமையை ஓடையில் விடுதலும் தவறு. மேற்கணக்கின் ஓடைநீரே பல இடங்களிற் கீழ்க்கணக்காரின் குடிநீராகிறது. அயல்நாட்டு ஆமை நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும். வாங்கிய கடையிலோ மிருக வைத்தியரிடமோ வழிகேட்பதே முறை.

இவ்விதிகளைப் பெற்றோர் கைக்கொண்டால் பிள்ளைகளும் பார்த்துப் பழகுவர். உணவுக்கு முன் கைகழுவும் வழக்கம் ஆமை இல்லாத வீட்டுக்கும் வேண்டியதே.