புள்ளிக்கோடும் கடுக்காய் மையும்

கல்வராயன் மலையிலுள்ள கரியாலூரில் மழை பிடித்துக்கொண்டால் டீக்கடை பெஞ்சை விட்டு எழ முடியாது. அன்றைக்கும் அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் ஒரு தம்பி. சிவில் படித்துவிட்டுக் கீழே கள்ளக்குறிச்சிப் பக்கம் சைட் இன்ஜினியராக இருக்கிறாராம். நான் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று கடைக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். தம்பி போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“ப்ளஸ் டூவில பாதி க்ளாஸுக்கு பயாலஜி ரெக்கார்டு நான்தான் சார் வரைஞ்சு குடுத்தேன். இதயம், சிறுநீரகம் எல்லாம். அப்புறம் பென்சிலையே தொடலை. இப்ப மறுபடி ஆரம்பிச்சா வருமா? பத்து வருஷம் வீணாப் போச்சே.”

‘வருமா’ என்று கேட்டதற்குப் பதில் சுலபம்: வரும். ‘வீணாப் போச்சே’ என்றாரே, அதற்குத்தான் இன்னொரு டீ சொல்ல வேண்டியிருந்தது.

சென்னையில் எழும்பூர்ப் பக்கம் இருக்கும் ஓவியக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் ஓவியரில்லை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். அதே கல்லூரியில் 1936இல் ஒருவர் மாணவராகச் சேர்ந்தார். வயது 25. கூடப் படித்த பையன்களுக்கு அண்ணன் மாதிரி இருந்திருப்பார். கோயம்புத்தூரில் பிறந்தவர், சின்ன வயதிலேயே நன்றாக வரைந்தவர், குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போனவர். கே.சி.எஸ். பணிக்கர். அப்போது அங்கே முதல்வராக இருந்தவர், மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1957இல் அந்த நாற்காலிக்குப் பணிக்கரே வந்தார்.

இதோடு நிறுத்தினால் ‘முயற்சி திருவினையாக்கும்’ கதையாகிவிடும். நான் தம்பிக்குச் சொல்ல நினைத்தது அதற்கு அப்புறம் நடந்ததை. 1963 வாக்கில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையை வரையத் தொடங்கினார். கிட்டப் போய்ப் பார்த்தால் ஜாதகக் கட்டம் போல இருக்கும். பொடிப்பொடியாக எழுத்து, எண், சூத்திரம். வாசிக்க முடியாது, ஆனால் வாசிக்கத் தோன்றும். மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆளை ஓவியத்தை விட்டு விரட்டும் என்று நாம் நினைக்கிற கணக்கு நோட்டு! புள்ளியும் கோடுமாகச் சேதி அனுப்பிய துறையில் இருந்தவர் எழுத்தையே படமாகப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இது என் சொந்த ஊகம், பணிக்கர் தலையில் கட்டவில்லை.

“எல்லாம் சரி சார், சோறு?” என்றார் தம்பி. நியாயமான கேள்வி. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது பணிக்கரும் மாணவர்களும் பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான் நிலம் வாங்கினார்கள். பம்பாய்க்காரரான ஓவியர் பூபேன் கக்கர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். 1962இல் ஓவியத்துக்காகப் பரோடா போனார். போன பிறகும் பல வருஷம் பகுதி நேரமாகக் கணக்கு எழுதினார். 70களின் தொடக்கத்தில் அவர் வரைந்தது கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர், தையல்காரர், முடிதிருத்துபவர் போன்றவர்களை. சின்னத் தொழில் செய்கிறவர்களின் கடையை இவ்வளவு கவனமாக அதற்கு முன் யார் பார்த்தார்கள்? வேலையை உதறிவிட்டு வந்தால்தான் கலைஞன் என்பது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டது. சம்பளத்தை விடாதே தம்பி என்றேன்.

பிறகு பில் எழுதும் அட்டையின் பின்பக்கத்தைக் கொடுத்து, எதிரே இருந்த பெஞ்சை வரையச் சொன்னேன். வரைந்தார். கோடு கம்பி மாதிரி நேராக, ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே பருமனில் போயிற்று. மினி டிராஃப்டர் பிடித்த கை, கேட்பானேன். வரைந்து முடித்தவர் முகம் சுளித்தார். “பள்ளிக்கூடத்துல இதைவிட நல்லா வரைஞ்சேன் சார்.”

திரும்பி வருகிற எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. பத்து வருஷமாகக் கண் சும்மா இருக்கவில்லை. எத்தனையோ படத்தைப் பார்த்து வளர்ந்துவிட்டது. கை மட்டும் ப்ளஸ் டூவிலேயே நிற்கிறது. கண் வளர்ந்ததால்தான் தப்பு தெரிகிறது. தினம் கால் மணி நேரம் வரைந்தால் சில மாதத்தில் கை எட்டிப் பிடித்துவிடும்.

படத்தில் இன்னொன்று இருந்தது. பலகைக்குப் பின்னால் மறைந்திருந்த காலையும் விட்டுவிட்டு வரும் புள்ளிக்கோட்டால் போட்டிருந்தார். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் பாடம்: மறைந்த விளிம்பென்றால் புள்ளிக்கோடு. “சாரி சார், பழக்கதோஷம்” என்று அழிக்கப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் படித்த ஒரு பிள்ளையும் பெஞ்சின் தெரியாத காலை வரைந்ததில்லை. நானும் வரைந்ததில்லை. அதைப் பார்க்க இவருக்கு நாலு வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அழிப்பானேன்?

மழை விடுகிற மாதிரி இல்லை. கடை ஓரத்தில் சாக்கில் கடுக்காய் இருந்தது. கல்வராயன் மலைக் கடுக்காய்க்குக் கீழே எப்போதும் கிராக்கி உண்டு. இங்கே பலர் அதை மருந்தாகத்தான் பார்ப்பார்கள். கலம்காரிக்காரர்கள் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். பழைய இரும்பைக் கருப்பட்டியோ வெல்லமோ கரைத்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு வடித்த சாற்றால் அதன் மேல் எழுதினால் கோடு கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. காகிதத்துக்கு மையும் அப்படியே செய்யலாம்.

“துருப்பிடிச்ச கட்டுக்கம்பி சைட்டில கிடைக்குமா?”

தம்பி சிரித்துவிட்டார். “மூட்டை மூட்டையா கிடக்குது சார்.”

மை செய்யும் பக்குவத்தைச் சொன்னேன்: கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் இடிக்க வேண்டும், அதைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் பாதியாகச் சுண்ட வேண்டும், இரும்புச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். கூடிப்போனால் நாளாக நாளாகக் காகிதத்தையே அரித்துவிடும். எழுதும்போது வெளிறித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டுக் காயும்போது கறுத்துவிடும். எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். கடைக்காரரிடம் கால் கிலோ கடுக்காய் கேட்டார். டீக் காசோடு சேர்த்து அவரே கொடுத்துவிட்டார்.